தோட்டம் பட்டணமானது, லயத்துச் சனம் எங்கே போனது?



பால்மரம் சீவியவர்களுக்கு 'பி.பி. 86' என்ற ஒட்டுமரத்தின் பெயர் தெரியாமல் இருக்காது. அந்த 'பி.பி.' ஒரு தோட்டத்தின் பெயர். சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போரில் சண்டை போட்டு வந்த வெள்ளைக்காரர்கள் 1921-இல் அதைத் திறந்தார்கள். 'பெரும் போர்' என்று மலாயில் பெயர் வைத்தார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, வெயிலிலும் மழையிலும் அங்கே உழைத்ததில் நம் சனத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1993-இல் புதிய நிர்வாகத் தலைநகருக்கு அந்த இடம் தேர்வானது. 1995-இல் கட்டுமான வேலை தொடங்கியது. 1999-இல் பிரதமர் அலுவலகம் கோலாலம்பூரை விட்டு அங்கே வந்தது. 2001 பிப்ரவரி 1-ஆம் தேதி சிலாங்கூரிலிருந்து பிரிந்து, கோலாலம்பூர், லாபுவானுக்கு அடுத்த கூட்டரசுப் பிரதேசமானது. அதுதான் புத்ராஜெயா. தனி எல்லை, தனி நிர்வாகம்.

ஊர் உயர்ந்தது, சந்தோஷம். ஊர்க்காரர்கள்? பிராங் பெசார், செஜ்லி, கலவே, மெடிங்லி ஆகிய 4 தோட்டங்களின் சுமார் 400 குடும்பங்கள் பட்டணத்துக்கு வெளியே, டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போயின. அந்தக் கட்டடத்திலும் விரிசல் கண்டது. தரைவீடு கேட்டு வருஷக்கணக்காக அலைந்தார்கள்.

ஏன் இப்படி? லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போச்சு. மூணு தலைமுறை உழைத்தும் ஒரு அடி மண்ணுக்கு நம் பெயரில் கிராண்டு கிடையாது. பட்டணம் வரும்போது காகிதம்தான் பேசும்.

ஆட்குறைப்புக்கு 1980-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. 5 வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். 2 வருஷத்திலிருந்து 5-க்குள் என்றால் 15 நாள். 1 வருஷத்திலிருந்து 2-க்குள் என்றால் 10 நாள். அந்த விதி சம்பள நாளைத்தான் எண்ணும். வீட்டையும் கோயிலையும் பள்ளியையும் எண்ணாது. அவற்றை நாம்தான் ஒன்றாக நின்று பேசி வாங்கணும்.

ஆகவே, "தோட்டத்தை விக்கப் போறாங்களாம்" என்று காதில் விழுந்ததுமே செய்ய வேண்டியவை:

வேலைக்குச் சேர்ந்த தேதிக்கான கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

லயம் லயமாகக் குடும்பப் பட்டியல் எழுதுங்கள். ஓய்வு பெற்ற பெரியவர்களை விட்டுவிடாதீர்கள்.

மாற்று வீடு எங்கே, தரைவீடா மாடியா, கிராண்டு யார் பெயரில், எந்தத் தேதியில்? இத்தனையும் எழுத்தில் கேளுங்கள். "கிராணி சொன்னாரு, துரை தலையாட்டினாரு" என்பது கோர்ட்டில் நிற்காது. கையெழுத்து வரும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

கோயிலுக்கும் பள்ளிக்கும் தனி கிராண்டு கேளுங்கள்.

"எங்க தோட்டம் உள்காட்டுல கிடக்கு, அண்ணே. இங்கே எவன் டவுன் கட்டப் போறான்?" என்று சொல்பவர்கள் உண்டு. பிராங் பெசாரும் ஒரு காலத்தில் உள்காடுதான்.

அடுத்த சம்பளத்துக்குள் அந்தப் பட்டியலை எழுதி முடியுங்கள்.