தொடை இடுக்கில் வலியா? சப்போர்ட்டர் போட்டா மட்டும் சரியாகிடுமா? முழு விவரம் இதோ!

2022 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த உலக தடகளப் போட்டியில் ஈட்டியை 88.13 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார் நீரஜ் சோப்ரா. ஆனால், அங்கே ஏற்பட்ட தொடை இடுக்கு காயத்தால், அடுத்து வந்த பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இதே பகுதி வலியோடுதான் 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வென்றார்.

பெரிய காஞ்சிபுரத்தில் மாலை நேரம் கபடி, கிரிக்கெட் ஆடும் இளைஞர்களுக்கும் இந்தக் காயம் வரலாம். வலி வந்ததும் சப்போர்ட்டர் போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்பவர்கள் பலர். இது சரியா?

ஏன் வலிக்குது?

இடுப்பின் முன்பக்க எலும்பில் இருந்து உள்தொடைக்குச் செல்லும் தசைகள்தான் காலை உள்பக்கமாக இழுக்கின்றன. சட்டென்று திரும்பும்போதும், பந்தை ஓங்கி உதைக்கும்போதும் இவை அளவுக்கு மீறி இழுபட்டு கிழியலாம்.

எதை எதுக்குப் போடணும்?

* சப்போர்ட்டர்: 1874-ல் சிகாகோவில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக உருவானது. விதைப்பையைத் தாங்கும், கிழிந்த தசையைத் தாங்காது.

* கார்டு: பந்து அடிபடாமல் காக்கும். தசை வலிக்கு உதவாது.

* கம்ப்ரஷன் ஷார்ட்ஸ்: இடுப்பு முதல் தொடை வரை இறுக்கிப் பிடிக்கும். ஓடும்போது சிலருக்கு வலி குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

* எலாஸ்டிக் பேண்டேஜ்: தொடையில் சுற்றி இடுப்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். கால் மரத்துப்போனாலோ, நிறம் மாறினாலோ உடனே தளர்த்துங்கள்.

இரவில் தூங்கும்போது இவற்றைக் கழற்றிவிடலாம்.

காயம் ஆறிடுமா?

ஆறாது. இவை வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். வலி தெரியலையேன்னு முழு வேகத்தில் ஓடினால் சின்ன கிழிசல் பெரிதாகிவிடும். முதல் சில நாட்கள் ஓய்வு, துணியில் சுற்றி 15 நிமிடம் ஐஸ் ஒத்தடம். பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சிகளை படிப்படியாகச் செய்தால்தான் தசைக்கு பலம் திரும்பும்.

காயம் வராமல் தடுக்கவும் பயிற்சிதான் வழி. உள்தொடையை வலுவாக்கும் 'கோபன்ஹேகன்' பயிற்சியைச் செய்த நார்வே கால்பந்து வீரர்களுக்கு தொடை இடுக்குப் பிரச்சனை வரும் அபாயம் 41 சதவீதம் குறைந்தது என 2019-ல் வெளியான ஆய்வு கூறுகிறது.

எப்போ உடனே டாக்டரைப் பார்க்கணும்?

* விதையில் திடீர் கடும் வலி: விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைப்பது முக்கியம். காத்திருக்கவே கூடாது.

* இருமும்போது இடுக்கில் புடைப்பு: குடலிறக்கமாக இருக்கலாம்.

* காலை ஊன்ற முடியாத வலி, இரவிலும் விடாத வலி: எலும்பில் விரிசல் இருக்கலாம்.

இடம் இப்படி என்பதால் வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்கள் உண்டு. கூச்சம் வேண்டாம். கை, கால் காயம் மாதிரிதான் இதுவும். சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் களத்துக்குத் திரும்பலாம்.