எளிய உரைக்கோப்பும் எழுத்துருவும்

ஆய்வேட்டை எளிய உரைக்கோப்பாக எழுதி, முடிவில் சொற்செயலிக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் இறையியல் மாணவர் சிலரிடம் உண்டு. வழக்கம் நன்று, அக்கோப்பு சிறியது, எக்கணினியிலும் திறப்பது. ஆயினும் மாற்றியபின் தமிழ் வேண்டாத எழுத்துருவிலும், எபிரேயம் வெறுங்கட்டங்களாகவும் தோன்றக் கண்டு, பக்கம் பக்கமாகக் கையால் திருத்த முற்படுகின்றனர். அடுத்தமுறை மாற்றும்போது அவ்வுழைப்பு முழுவதும் அழிந்துபோகும்.

எளிய உரைக்கோப்பில் எழுத்துக்களேயன்றி அவற்றின் வடிவமோ பருமனோ இல்லை. இன்னது தலைப்பு, இன்னது மேற்கோள் என்பதைச் சில குறிகளால் சுட்டலாம். ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் அத்தகையதொரு குறிமுறை. (மெய்யெழுத்து வாசகத்தை மாற்றாது, உயிர்க்குறிகளைச் சேர்த்துவைத்த மசோரெத்தியரின் பணி இங்கு நம் நினைவிற்கு வருதல் இயல்பே.) இக்குறிகளைப் படித்துச் சொற்செயலிக் கோப்பாக்குவது பாண்டாக் என்னும் மென்பொருள். இதனை 2006இல் வெளியிட்டவர் ஜான் மெக்ஃபார்லேன் என்னும் மெய்யியல் பேராசிரியர்.

பாண்டாக் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பாணியின் பெயரைச் சூட்டுகிறது. அப்பாணியின் தோற்றத்தை மாதிரிக் கோப்பு ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாதிரியில் எழுதப்பட்டிருப்பதை அது பொருட்படுத்தாது. பாணிகள், பக்க அளவு, ஓர இடைவெளி, தலைப்புறம், அடிப்புறம் ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். ஆகவே திருத்தத்தை மாதிரியில் ஒருமுறை செய்தால் போதும். தலைப்பையடுத்த முதற்பத்திக்கும் பிற பத்திகளுக்கும் வெவ்வேறு பாணிகள் உண்டு என்பதை மறத்தலாகாது.

தமிழர் இடறுவது இனி வருமிடத்தில்தான். சொற்செயலியில் ஒரு பாணிக்கு ஓர் எழுத்துரு மட்டும் இருப்பதில்லை. லத்தீன், கிரேக்கம் முதலியவற்றிற்கு ஒன்றும், சீனம் போன்ற கிழக்காசிய மொழிகளுக்கு ஒன்றும், சிக்கலான எழுத்துமுறைகளுக்கு ஒன்றும் எனத் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. தமிழ் மூன்றாவதைச் சேர்ந்தது. அதன் பருமனும் தனி. ஆதலின் முதல் இடத்தில் பதினான்கு புள்ளி என மாற்றினும் தமிழ் அசைவதில்லை. மூன்றாம் இடம் கண்ணிற்படாவிடில், அமைப்புகளில் தமிழை எழுதும் மொழியாகச் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எபிரேயமும் சிக்கலான எழுத்துமுறையே. தமிழுக்கென நோட்டோ செரிப் தமிழை அவ்விடத்தில் வைத்தால், எபிரேயத்திற்கு அங்கே இடமில்லை. எனவே எபிரேயத்திற்கெனத் தனியொரு எழுத்துப் பாணியை மாதிரியில் அமைத்து, அதன் எல்லா இடங்களிலும் எஸ்.பி.எல். ஹீப்ரூ போன்ற எழுத்துருவை இடுக. உரைக்கோப்பில் எபிரேயச் சொல் வருமிடந்தோறும் அப்பாணியின் பெயரையும், வலமிருந்து இடம் செல்வது என்னும் குறிப்பையும் சேர்த்துவிடலாம். கிரேக்கத்திற்கு இத்தொல்லை குறைவு. உச்சரிப்புக் குறிகள் யாவும் உள்ள எழுத்துருவாயிருத்தல் வேண்டும், அவ்வளவே.

ஆயர்கள் பலரிடம் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அருளுரைகள் உள்ளன. அவற்றில் சேமிக்கப்பட்டிருப்பவை தமிழெழுத்துக்கள் அல்ல, தமிழ் வடிவம் போர்த்திய ஆங்கில எழுத்துக்கள். எளிய உரையாக்கினால் போர்வை நீங்கி, பொருளற்ற ரோமன் எழுத்துக்களே எஞ்சும். எந்தப் பாணியும் அதனைச் சீராக்காது. முதலில் ஒருங்குறிக்கு மாற்றி, அசலோடு ஒப்பிட்டுப் படித்த பின்னரே மாதிரிக் கோப்பைப்பற்றி எண்ணவேண்டும். அதுவரை அசலை அழிக்கவேண்டாம்.