பிக்னிக் வரிசையும் பயிற்சிக் கூடமும்

1930களில் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் வளர்ந்த ஆர்மீனியக் குடும்பத்துப் பிள்ளை நடனம் கற்க எங்கும் போனதில்லை. தேவாலயத்தார் நடத்திய பிக்னிக்குப் போனது. ஆகஸ்ட் மாத நடுவில் புதுத் திராட்சையை ஆசீர்வதிக்கும் நாள் வரும். திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அந்த ஊரில் அது பெரிய நாள். மர நிழலில் கறி வேகும், பிலாஃப் சோறு வேகும், ஊத் வாத்தியமும் தும்பெக் மேளமும் தொடங்கும். பெரியவர்கள் சுண்டுவிரலைச் சுண்டுவிரலோடு கோத்து வரிசையாக நிற்பார்கள். வலது கோடியில் நிற்பவர் கையில் ஒரு கைக்குட்டை. வரிசை அவர் போக்கில் போகும். பிள்ளைகளுக்கு இடம் இடது கோடியில், வாலில். முன்னால் போகும் கால்களைப் பார்த்துப் பார்த்து, தடுக்கி, இழுபட்டு, எந்தக் கோடையிலோ கால் தானாகப் பிடித்துக்கொள்ளும். கற்றுக்கொடுத்தவர் யார் என்று கேட்டால் பதில் இருக்காது.

இன்று அதே மாநிலத்தின் கிளெண்டேலில் வளரும் பிள்ளை, கண்ணாடிச் சுவர் வைத்த பயிற்சிக் கூடத்துக்குக் காரில் போய் இறங்குகிறது. ஆசிரியர் உண்டு, மாதக் கட்டணம் உண்டு, ஆண்டு விழா உண்டு. ஒலிபெருக்கியிலிருந்து பதிவு செய்த இசை வருகிறது. ஆசிரியர் எண்ணிக்கை சொல்ல, இருபது பிள்ளைகள் ஒரே கோணத்தில் கையைத் தூக்குகிறார்கள். பிக்னிக் வரிசையின் வாலில் நின்ற அந்தக் காலத்துப் பிள்ளையைவிட இவர்களுக்கு அதிக நடனங்கள் தெரியும், பெயரோடு தெரியும், எந்த வட்டாரத்தது என்றும் தெரியும். ஆனால் இவர்களோடு பாட்டி ஆடுவதில்லை. அவர் பார்வையாளர் வரிசையில், கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டுக்கும் இடையில் நடந்தது என்ன என்பது சற்று நீண்ட கதை.

1915க்கு முன் ஆர்மீனிய நடனம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்வதே சரியில்லை. வான் நகரத்தின் நடனம் இருந்தது, சாசுன் மலைக்காரர்களின் நடனம் இருந்தது, கார்பெர்த் சமவெளியின் நடனமும், இன்று எர்சுரும் எனப்படும் காரின் நகரத்தின் நடனமும் இருந்தன. ஒட்டோமன் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் ஒரு கணவாயைத் தாண்டினால் அடவு மாறும். சாசுன் ஆண்கள் எதிரெதிராக நின்று உள்ளங்கையோடு உள்ளங்கையை ஓங்கி அறைந்து ஆடிய யார்குஷ்தா, சுர்னாக் குழலும் பெருமேளமும் முழங்க ஆடும் போர்க்கோல ஆட்டம். தம்சாரா நடனமோ ஒன்பது எண்ணிக்கையில் போவது; நம் லய வழக்கில் சங்கீர்ணம். ஊருக்கு ஊர் அதற்கு ஒரு வடிவம் உண்டு. ஆண் வரிசை வேறு, பெண் வரிசை வேறு என்று பல ஊர்களில் இருந்தது.

1915ல் ஒட்டோமன் அரசு தொடங்கிய இனப்படுகொலையில் அந்த ஊர்கள் ஆர்மீனியர் இல்லாத ஊர்களாயின. உயிர் தப்பியவர்கள் அலெப்போவுக்கும் பெய்ரூட்டுக்கும் மார்சேய்க்கும் போனார்கள். முன்பே உறவினர் குடியேறியிருந்த அமெரிக்க ஊர்களான ஃப்ரெஸ்னோ, டெட்ராய்ட், வாட்டர்டவுன், வூஸ்டர் ஆகியவற்றுக்கும் வந்தார்கள். 1924ல் அமெரிக்கா தன் குடிவரவுச் சட்டத்தை இறுக்கியதும் வரத்து ஏறக்குறைய நின்றது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் புதிதாக வந்தவர்கள் மிகக் குறைவு. உள்ளே வந்தவர்கள் தங்களிடம் இருந்ததை வைத்தே ஆடினார்கள்.

தொடக்கத்தில் ஊர்ச் சங்கங்கள் தனித்தனியாகக் கூடின. கார்பெர்த்காரர்களுக்கு ஒரு பிக்னிக், திக்ரனகெர்த்காரர்களுக்கு வேறொரு பிக்னிக். பிறகு பிள்ளைகள் ஊர் மாறிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒரே வரிசையில் மூன்று ஊர்க்கால்கள் நின்றபோது, யாருக்கும் இடறாத அடவுகள் தங்கின, மற்றவை உதிர்ந்தன. வட்ட நடனம் என்று மட்டும் பொருள்படும் 'ஷுர்ச் பார்' போன்ற பொதுப்பெயர்கள், இழந்த ஊர்ப்பெயர்களின் இடத்தில் வந்து உட்கார்ந்தன. இதை இழப்பு என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இழப்பு இங்கே மட்டும் நடக்கவில்லை. ஊரே போன பிறகு, ஊரின் அடவு எந்த மண்ணிலும் ஊரின் அடவாக நின்றிருக்க முடியாது.

புதியனவும் பிறந்தன. கார் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த டெட்ராய்ட் பக்கத்து ஆர்மீனியரின் பிள்ளைகள், தாத்தாவின் வரிசை நடனத்தில் தங்கள் காலத்துத் துள்ளலைச் சேர்த்து ஆடினார்கள். அதற்கு 'மிச்சிகன் ஹாப்' என்று பெயர் விழுந்தது. அனடோலியாவின் எந்த மலையிலும் அந்த நடனம் ஆடப்பட்டதில்லை. இசையும் அப்படியே மாறியது. வெட்டவெளியில் முழங்கிய சுர்னாவின் இடத்தை, கூடத்துக்குப் பொருந்திய கிளாரினெட் எடுத்துக்கொண்டது. ஊத், கானூன், தும்பெக் ஆகியவற்றோடு கிட்டாரும் சாக்ஸபோனும் வந்து சேர்ந்தன. பிலடெல்பியாவின் வாஸ்பிகியான் குழு போன்ற குடும்பக் குழுக்கள் ஊர் ஊராகச் சென்று வாசித்தன. இந்த இசைக்கும், அதைச் சுற்றிய சாப்பாடு, ஆட்டம், கும்மாளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'கெஃப்' என்று பெயர். ஃப்ரெஸ்னோ பக்கத்து ஊத் கலைஞர் ரிச்சர்ட் ஹகோபியானுக்கு 1989ல் அமெரிக்க அரசு தேசிய மரபுக்கலை விருது தந்தது, இந்த மரபுக்காகத்தான்.

கெஃப் பாடல்களில் கணிசமானவை துருக்கிய மொழியில் இருந்தன. தப்பி வந்தவர்களில் பலருக்கு வீட்டில் புழங்கிய மொழி அது. தாலாட்டும் வசவும் அதில்தான் வந்தன. கொன்ற அரசின் மொழி என்பது தெரியாமல் இல்லை. பாட்டு அவர்களுக்கு ஊருடையதாகப் பட்டது, அரசுடையதாகப் படவில்லை.

அதே ஆண்டுகளில் சோவியத் ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானில் கதை வேறு வழியில் போனது. மாஸ்கோவில் 1937ல் இகோர் மொய்சேயெவ் தொடங்கிய நாட்டுப்புற நடனக் குழு, சோவியத் குடியரசுகள் அனைத்துக்கும் வார்ப்பு ஆனது. 1938ல் தாத்துல் அல்துன்யான் தலைமையில் ஆர்மீனிய அரசுப் பாடல் நடனக் குழு உருவானது. வட்டமாக ஆடியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அரங்கில் ஆடுபவர்கள் பார்வையாளரைப் பார்க்க வேண்டும். எனவே வட்டம் திறந்தது, வரிசை கோடாக நிமிர்ந்தது. ஆண்களுக்குப் பெரும் தாவல்கள், பெண்களுக்குப் பாதம் தெரியாத நீண்ட அங்கியில் மிதக்கும் நடை. அரை மணி நேரம் ஒரே அடவில் ஊறி ஆடியது ஐந்து நிமிட உருப்படியாகச் சுருங்கியது. அழகாகவும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அதே நகரத்தில் ஸ்ர்புஹி லிசித்சியான் என்ற இனவரைவியலாளர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். மேற்குப் பகுதிகளிலிருந்து தப்பி வந்து சோவியத் ஆர்மீனியாவின் கிராமங்களில் குடியேறியிருந்த முதியவர்களைத் தேடிப் போய், அவர்கள் கால் போன வழியைக் குறித்துக்கொண்டார். அசைவுகளை எழுத அவரே ஒரு குறியீட்டு முறையை வகுத்து 1940ல் நூலாக்கினார். பழைய ஆர்மீனிய நடனங்கள் குறித்த அவரது பெருநூலின் முதல் தொகுதி 1958லும் இரண்டாவது 1972லும் வந்தன. ஒரு பக்கம் அரங்கு அடவுகளை மாற்றிக்கொண்டே இருக்க, மறுபக்கம் ஒரு பெண்மணி மாறாத வடிவங்களைத் தாளில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தத் தாள்களுக்குப் பெரும் தேவை வரப் பல ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் கதவு 1965ல் மீண்டும் திறந்தது. 1975ல் லெபனான் போர், 1979ல் ஈரான் புரட்சி, 1988ல் ஆர்மீனியாவின் ஸ்பிதாக் நிலநடுக்கம், 1991ல் சோவியத்தின் உடைவு என ஒவ்வொன்றும் ஓர் அலையை லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் தள்ளியது. வந்தவர்கள் அமெரிக்காவில் பிறந்த ஆர்மீனியரைப் போல இல்லை. பெய்ரூட்டிலும் அலெப்போவிலும் ஆர்மீனியப் பள்ளியில் படித்து, துருக்கிய மொழியை நாவிலிருந்து வலிந்து விலக்கி வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்குப் பண்பாடு என்பது அமைப்பு நடத்திக் காப்பாற்ற வேண்டிய ஒன்று. கெய்ரோவில் 1928ல் தொடங்கிய ஹமஸ்காயின் பண்பாட்டுச் சங்கம் போன்றவை நடனப் பள்ளிகளை நடத்தின. பாஸ்டனில் 1986ல் சாயத் நோவா நடனக் குழு பிறந்தது. யெரெவானில் பயின்ற ஆசிரியர்கள் வந்தார்கள். அரங்கு நடனமும் உடன் வந்தது.

இரு சாராரும் ஒரே கூடத்தில் சந்தித்தபோது உரசல் இருந்தது. துருக்கியப் பாட்டுக்கு ஆடுவதா என்று புதியவர்கள் முகம் சுளித்தார்கள். நாங்கள் ஆடியதுதான் எங்கள் தாத்தா ஆடியது, நீங்கள் ஆடுவது மாஸ்கோ நடனம் என்று பழையவர்கள் முணுமுணுத்தார்கள். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. என் சாய்வு பழையவர்கள் பக்கம். காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் இரண்டு தலைமுறை ஒன்றைக் காப்பாற்றியிருப்பது எளிதில் நடப்பதல்ல.

ஆனால் அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையில் அரண்மனைக்காரன் தெருவில் 1772ல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. 1794ல் உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' அச்சானதும் இந்த நகரத்தில்தான். வணிகர்களாக இங்கே வந்த ஆர்மீனியரின் வரலாறு வேறு, 1915க்குத் தப்பியவர்கள் வரலாறு வேறு. என்றாலும் சென்னை ஒன்றைக் காட்டுகிறது: ஆள் போன பிறகும் கட்டடம் நிற்கும், அச்செழுத்து நூலகத்தில் கிடக்கும். ஆட்டத்துக்கு அந்த வசதி இல்லை. அதற்கு அடுத்த மனிதரின் கை வேண்டும். அமெரிக்காவில் மூன்றாம் தலைமுறை ஆர்மீனிய மொழியை விட்டுக்கொண்டிருந்தது. அவர்களின் பேச்சான மேற்கு ஆர்மீனியத்தை 2010ல் யுனெஸ்கோ அழியும் ஆபத்தில் உள்ள மொழியாகக் குறித்தது. மொழி போன வீடுகளில் கடைசியாக மிஞ்சியவை சமையலும் தேவாலயமும் வரிசை நடனமும். நடனப் பள்ளிகள் வந்திராவிட்டால் அந்த மூன்றாவதும் கல்யாண வீட்டில் பதினைந்து நிமிடமாகச் சுருங்கியிருக்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிகள் திறந்த வழியையும் சொல்ல வேண்டும். முன்பு வரிசையில் நிற்பதோடு சரி. இப்போது அவர்கள் நடன ஆசிரியர்கள், குழுத் தலைவர்கள், வடிவமைப்பாளர்கள். ஆண்களுக்கென்றே இருந்த அடவுகளையும் ஆடுகிறார்கள்.

இழந்ததைச் சொல்ல ஒரு சிறிய விவரம் போதும். பிக்னிக் வரிசையில் பிழை என்று ஒன்று இல்லை. எண்பது வயதுக்காரர் அடவைப் பாதியாகக் குறைத்து ஆடுவார், பக்கத்தில் இருபது வயதுக்காரர் அதையே துள்ளி ஆடுவார், இரண்டு சுண்டுவிரல்களும் பிரியாது. அரங்கில் இருபது பேர் ஒருவர்போல் ஆடாவிட்டால் அது பிழை. அதனால் முப்பது வயதுக்குள் பலரும் ஆடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அரங்கு நடனம் இளமைக்கான நடனம்.

இந்த நூற்றாண்டில் காற்று மறுபடி திசை மாறியிருக்கிறது, இம்முறை யெரெவானிலிருந்தே. 2001ல் ககிக் கினோஸ்யான் தொடங்கிய 'காரின்' குழு, அரங்கு அலங்காரத்தை விலக்கி லிசித்சியானின் குறிப்புகளுக்கும், அஷ்னாக் போன்ற கிராமங்களில் வாழும் சாசுன் வழியினரின் நினைவுக்கும் திரும்பிப் போனது. யெரெவானின் காஸ்கேட் படிக்கட்டின் அடிவாரத்தில் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலையில் யார் வந்தாலும் கற்றுத்தந்தார்கள். டிக்கெட் இல்லை, மேடை இல்லை. அந்தப் பாடங்களின் காணொளிகள் பாஸ்டன் வரை, கிளெண்டேல் வரை போகின்றன. அரங்கு நடனம் பயின்ற இளைஞர்கள் யார்குஷ்தாவைக் கையறைந்து ஆடக் கற்கிறார்கள். கெஃப் வரிசையில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சின்னத் திருப்தி இருந்தால் குற்றமில்லை. அவர்கள் வட்டத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

தோளோடு தோள் சேர்த்து ஆடும் கொச்சாரி நடனத்தை 2017ல் யுனெஸ்கோ, ஆர்மீனியாவின் பெயரில் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டே அஜர்பைஜான், நக்சிவான் பகுதியின் குழு நடனங்களை அவசரமாகக் காக்க வேண்டியவற்றின் பட்டியலில் பதிவு செய்துகொண்டது. அந்தப் பதிவின் தலைப்பிலும் கொச்சாரி இருக்கிறது, தம்சாராவுக்கு நெருங்கிய பெயரான 'தென்செரெ'யும் இருக்கிறது. கருங்கடல் கிரேக்கரும் குர்துகளும் தங்கள் கொச்சாரியை ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஒரே கணவாயின் இரு பக்கத்தில் ஆடிய ஆட்டத்துக்கு இன்று இரண்டு கோப்புகள், இரண்டு கொடிகள். எந்தப் பட்டியலிலும் ஏறாத மிச்சிகன் ஹாப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அது என்னுடையது என்று சொல்ல டெட்ராய்ட்காரர்களைத் தவிர வேறு யாரும் வரப்போவதில்லை.