யூப்ரட்டீஸ் ஆறும் சுமேரிய நகரங்களும்



பண்டைய நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் தோன்றின என்னும் தொடரை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருப்பீர்கள். வரலாறு கற்பிக்கும் ஆசிரியனாக இருந்த காலத்தில், அத்தொடரை எழுதும் மாணவரிடம், "ஆற்றங்கரையில் என்ன நடந்தது?" என்று கேட்பது என் வழக்கம். ஆறு நீர் தந்தது, உழவு பெருகியது, நகரம் எழுந்தது என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அவ்வளவு எளிதாக ஒரு நகரம் எழுந்துவிடுமா? உலகின் மிகப் பழைய நகரங்களைத் தன் கரையில் கொண்டிருந்த யூப்ரட்டீஸ் ஆற்றை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

யூப்ரட்டீசும் அதன் துணையான டைக்ரிசும் இன்றைய துருக்கி நாட்டு மலைகளில் பிறந்து, ஈராக்கின் வழியே ஓடிப் பாரசீக வளைகுடாவை அடைகின்றன. இவற்றின் தென்கோடிச் சமவெளியே சுமேரியா. அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 20 சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கட்டடத்துக்கு நல்ல கல் கிடையாது; உத்தரத்துக்கு மரம் கிடையாது; உலோகமும் கிடையாது. களிமண், நாணல், ஆற்று நீர் ஆகிய மூன்றே அந்நாட்டார்க்கு வாய்த்த செல்வம்.

அந்த நீரும் வேண்டிய காலத்தில் வரவில்லை. இதனை விளங்கிக்கொள்ள எகிப்தின் நைல் ஆற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். நைலின் வெள்ளம் எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடை மழையால் உண்டாவது. அது ஜூலையில் பெருகத் தொடங்கி, அக்டோபர், நவம்பர் அளவில் வடிந்துவிடும். வடிந்த ஈர வண்டலில் எகிப்திய உழவன் விதைத்தான், வேனிற்காலத்தில் அறுத்தான். யூப்ரட்டீசின் வெள்ளமோ பனி உருகுவதால் வருவது. அது ஏப்ரல், மே மாதங்களில் உச்சத்தை அடையும். இலையுதிர் காலத்தில் விதைத்த வாற்கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும் சமயம் அதுதான்! விதைக்கும் காலத்தில் நீர் வேண்டுமென்றால் ஆறு வற்றிக் கிடக்கும். விளைந்த கதிரைக் காப்பாற்ற நீரைத் தடுக்க வேண்டும். முளைத்த பயிரைக் காப்பாற்ற நீரைக் கொணர வேண்டும்.

நிலத்தின் அமைப்பு இதற்கு ஓரளவு துணை செய்தது. பாக்தாத் நகரம் கடலிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்திலேதான் இருக்கிறது. இத்தகைய சமவெளியில் மெல்ல ஊர்ந்து செல்லும் ஆறு, தான் சுமந்துவரும் வண்டலைப் படுகையிலும் கரைகளிலும் படியவிடுகிறது. நாளடைவில் ஆறு, சுற்றியுள்ள வயல்களைவிட உயரத்தில் ஓடத் தொடங்குகிறது. ஆகவே கரையை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் போதும். ஏற்றமோ கவலையோ இன்றி நீர் தானே வயலுக்கு இறங்கும். அதே காரணத்தால் கரை உடைந்தால் ஊரே மூழ்கும். வெட்டிய வாய்க்காலும் சில ஆண்டுகளில் வண்டலால் தூர்ந்துபோகும். கரையை உயர்த்துவதும் தூர் எடுப்பதும் ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய வேலைகள். தனி ஒரு குடும்பத்தால் ஆகக்கூடியவை அல்ல.

பலர் கூடி வேலை செய்தால் கூலி அளக்க வேண்டும். அளந்ததற்குக் கணக்கு வேண்டும். உரூக் நகரத்தில், கி. மு. 3300 முதல் 3000 வரையான காலத்தைச் சேர்ந்த களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வாற்கோதுமை, ஆடு, ஆட்கள், படி ஆகியவற்றின் கணக்குகளே. எழுத்து தோன்றியவுடன் மனிதன் காவியம் பாடினான் என்று எண்ணுவோர்க்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கணக்குப்பிள்ளையே அங்கு முதல் எழுத்தாளன்.

இதைக் கொண்டு, வாய்க்கால் வெட்டுவதற்காகவே அரசன் தோன்றினான் என்று சிலர் வாதித்தனர். 1957-இல் கார்ல் விட்ஃபோகல் எழுதிய நூல் இக்கொள்கைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது. ஆனால் ராபர்ட் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் அச்சமவெளியில் பழைய வாய்க்கால்களின் தடங்களைப் பல ஆண்டுகள் தேடி ஆராய்ந்து, தொடக்கக் கால வாய்க்கால்கள் சிறியவை, உள்ளூராரே வெட்டிக் காத்தவை என்று காட்டினார். மிகப் பெரிய கால்வாய்கள் நகரங்களும் அரசும் தோன்றிய பின்னரே வந்தன. எனக்கு ஆடம்சின் கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஊர் கூடித் தூர் எடுப்பதற்கு மன்னனின் ஆணை வேண்டுமென்பதில்லை.

ஆனால் மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் வழக்கு மூண்டால் நடுவர் வேண்டும். காவிரிப் படுகையில் வளர்ந்த மாணவர்க்கு இதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. உம்மா என்னும் நகரம் வாய்க்காலின் மேற்பக்கத்திலும், லகாஷ் கீழ்ப்பக்கத்திலும் இருந்தன. எல்லை வயல்களையும் நீரையும் பற்றி இரண்டுக்கும் பகை. கீஷ் நகரத்து மன்னன் மெசிலிம் நடுவனாக நின்று எல்லைக்கல் நாட்டினான், பகை தீரவில்லை. கி. மு. 2450 அளவில் லகாஷின் மன்னன் எயன்னாத்தும் போரில் வென்று நிறுத்திய கல், இன்று பாரிசில் லூவர் காட்சிச்சாலையில் இருக்கிறது. அவனுக்குப் பின் என்தெமேனா, டைக்ரிஸ் பக்கத்திலிருந்து புதிய கால்வாய் ஒன்று வெட்டினான். கி. மு. 2350 அளவில் உம்மாவின் லுகல்சாகிசி லகாஷைச் சூறையாடினான்.

பிற்காலத்தில், கி. மு. 1750 அளவில், பாபிலோன் மன்னன் ஹம்முராபி பொறித்த சட்டத்தில் இதற்கென்றே விதிகள் உள்ளன. ஒருவன் சோம்பலால் தன் கரையைப் பேணாமல் விட்டு, உடைப்பு ஏற்பட்டு அயலான் பயிர் அழிந்தால், அவன் அந்தத் தானியத்தை ஈடு செய்ய வேண்டும். இயலாவிடில் அவனையும் அவன் பொருளையும் விற்று, நட்டமடைந்த உழவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். கடுமையான சட்டந்தான். ஒரு கரையின் உடைப்பு எத்தனை வீட்டு அடுப்பை அணைத்துவிடும் என்பதை எண்ணினால் அக்கடுமையின் காரணம் புலப்படும்.

இத்தனை திறமையும் வெல்லாத பகை ஒன்று இருந்தது. அது உப்பு. எந்த ஆற்று நீரிலும் சிறிதளவு உப்பு கரைந்திருக்கும். வெயிலில் நீர் ஆவியாகும். உப்பு மண்ணில் தங்கும். வடிகால் இல்லாத தட்டையான நிலத்தில் பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தடி நீர் மேலேறி, அடியிலுள்ள உப்பையும் கொணரும். கடைசியில் வயல் வெள்ளையாகப் பூத்துவிடும். ஓராண்டு விதைத்து மறு ஆண்டு தரிசாக விடுவது சுமேரிய உழவர் கண்ட மருந்து. மக்கள் தொகையும் வரியும் பெருகிய காலத்தில் தரிசு விடுவது எப்படி?

1958-இல் ஆடம்சும் தார்கில்ட் ஜேக்கப்சனும் பழைய கணக்கேடுகளை ஆராய்ந்து, உப்பைத் தாங்காத கோதுமை தென்பகுதியில் படிப்படியாகக் குறைந்து, வாற்கோதுமைக்கு இடம் விட்டதென்றும், ஹெக்டேர் ஒன்றுக்குக் கி. மு. 2400-இல் 2,537 லிட்டராக இருந்த விளைச்சல், கி. மு. 1700-இல் 897 லிட்டராகச் சுருங்கியதென்றும் எழுதினர். பின்வந்த அறிஞர் சிலர் இக்கணக்கை மறுத்தனர். வீழ்ச்சி இவ்வளவு பெரிதன்று என்பது அவர்கள் வாதம். அளவைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு. தென்னாட்டு வயல்களை உவர் பிடித்ததை மறுப்பதற்கில்லை.

ஆறும் நிலையாக நில்லாமல் தன் போக்கை மாற்றிக்கொண்டது. 1922 முதல் 1934 வரை லியனார்ட் வூலி அகழ்ந்த ஊர் என்னும் பெயருடைய மாநகரம், ஒருகாலத்தில் ஆற்றுத் துறையாக விளங்கியது. இன்று அதன் இடிபாடுகள் பாலையில் நிற்கின்றன. ஆறு வெகு தொலைவில் ஓடுகிறது.

நைல் கரையில் இவ்வுப்பு ஏன் திரளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஆண்டுதோறும் வந்த வெள்ளம் வயலைக் கழுவி, உப்பை ஆற்றுக்கே கொண்டு சென்றது. 1960-இல் தொடங்கி 1970-இல் நிறைவெய்திய அஸ்வான் உயர் அணை அந்த வெள்ளத்தை நிறுத்திவிட்டது. ஆண்டு முழுவதும் பாசனம் கிடைத்தது. ஆனால் நிலத்தடி நீர் உயர்ந்து, பல வயல்களில் உவர் தோன்றியது. எகிப்தியர் பல லட்சம் ஏக்கர் நிலத்தின் அடியில் துளையிட்ட குழாய்களைப் புதைத்து, அந்த உப்பு நீரை வடித்து வருகின்றனர்.