பெருந்தொற்றும் உதவியின் வாயிலும்

ஒரே நோய் பல நாடுகளில் பரவினும், அதனால் விளையும் வறுமை எங்கும் ஒரு தன்மைத்தன்று. துயருற்றார்க்கு உதவி எவ்வாயிலாகச் செல்கின்றது என்பது அவ்வேறுபாட்டிற்குத் தலையாய காரணங்களுள் ஒன்று.

2020-ஆம் ஆண்டுக் கொரோனாப் பெருந்தொற்றின்போது செருமனி, தொழிலாளர் பணியினின்று நீக்கப்படாவாறு காத்தது. வேலைநேரம் குறைந்தோர், இழந்த நிகர ஊதியத்தில் நூற்றுக்கு 60 பங்கும், மக்களுடையோர் 67 பங்கும் முதற்கண் பெற்றனர். அமெரிக்காவிலோ ஏப்ரலில் வேலையின்மை நூற்றுக்கு 14-ஐக் கடந்தது. அரசு வேலையிழந்தார்க்கு உதவித்தொகையும் குடிமக்கட்குப் பணமும் வழங்கிற்று. முன்னது தொழிலுறவையும் பின்னது தனியாளையும் பெரிதும் பற்றுக்கோடாகக் கொண்டன என்க.

இனி, கல்லணைக் கால்வாயின் கடைமடையாகிய பேராவூரணிப் பகுதியை நோக்குவோம். தென்னந்தோப்பிலும் நெல்வயலிலும் நாட்கூலிக்கு உழைப்பார்க்கு ஊதியப் பதிவேடு அரிது; ஆதலின் செருமானிய முறை ஈண்டுப் பொருந்தாது. ஈண்டு உதவிய வாயில் குடும்ப அட்டையே. 2020 ஏப்ரலில், அரிசி பெறும் அட்டையினர்க்கு ரூ. 1,000-உம் விலையில்லா அரிசியும் தமிழகமெங்கும் நியாயவிலைக் கடைகள் வழியே வழங்கப்பட்டன. அக்கடைகளுட் பெரும்பாலன கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவன. ஊரடங்கில் வேளாண்மைக்கு விலக்கு இருந்தமையாலும், மேட்டூர் அணை உரிய நாளாகிய சூன் 12-இல் திறக்கப்பட்டமையாலும் வயல்வேலையும் அறவே நின்றிலது.

எனினும், அட்டையில்லா வெளிமாநிலத் தொழிலாளர்க்குத் தனி ஏற்பாடு வேண்டியதாயிற்று. எனவே, ஓர் அமைப்பின் தகுதியை அது வழங்கிய தொகையால் மட்டுமன்றி, அதன் ஏட்டிற்குப் புறத்தே நிற்பார் எத்துணையர் என்பதனாலும் அளந்தறிதல் வேண்டும்.