சிலிண்டர் விலை: மிச்சத்தைக் கட்டுவது யார்?

இந்தியாவின் சமையல் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி. பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. சவூதி அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் புரோப்பேன், பியூட்டேன் விலைதான் இதற்கு அடிப்படை. அதோடு கப்பல் வாடகை, காப்பீடு, துறைமுகச் செலவு, சிலிண்டரில் நிரப்பும் கூலி, ஏஜென்சி கமிஷன், ஜிஎஸ்டி எல்லாம் சேரும். கணக்கு டாலரில் என்பதால், ரூபாய் மதிப்பு சரிந்தாலே அடக்க விலை ஏறிவிடும்.

ஓட்டல்களுக்குப் போகும் 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை இந்தச் செலவை ஒட்டி ஏறி இறங்கும். பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் மாறும். வீடுகளுக்கான 14.2 கிலோ சிலிண்டர் அப்படியல்ல. 2002 ஏப்ரலில் எண்ணெய்த் துறையின் நிர்வாக விலை முறை முடிவுக்கு வந்த பிறகும், இதன் விலை மத்திய அரசின் கையில்தான் இருக்கிறது.

2020 ஜூன் முதல் 2022 ஜூன் வரை சர்வதேச விலை சுமார் 300 சதவீதம் உயர்ந்தது. வீட்டு சிலிண்டர் விலை உயர்ந்ததோ 72 சதவீதம். இடையில் விழுந்த துண்டை இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் சுமந்தன. 2022 அக்டோபரில் அரசு அவற்றுக்கு 22,000 கோடி ரூபாய் கொடுத்தது.

அதே கதை மீண்டும் நடந்தது. 2023 ஜூலையில் டன்னுக்கு 385 டாலராக இருந்த சவூதி விலை, 2025 பிப்ரவரியில் 629 டாலரைத் தொட்டது. இதற்கு நடுவே வீட்டு சிலிண்டர் விலை 2023 ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியும் ஈடாகவில்லை. அந்த ஆகஸ்டில், 12 தவணைகளில் 30,000 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

இரட்டை விலைக்கு இன்னொரு விளைவும் உண்டு. வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம். கிலோவுக்கான விலையிலும் வரியிலும் இப்படி வித்தியாசம் இருப்பதால், வீட்டு சிலிண்டர் டீக்கடை அடுப்புக்குக் கள்ளத்தனமாகப் போகிறது. ஏழைக்கென விட்டுக்கொடுத்த பணம் வியாபாரத்தில் கரைகிறது.

விலைக் கட்டுப்பாட்டால் செலவு குறைவதில்லை, கட்டுபவர்தான் மாறுகிறார். இன்று நிறுவனத்தின் நஷ்டமாக நிற்பது, நாளை வரிப்பணத்திலிருந்து ஈடுகட்டப்படுகிறது. ஏழைக் குடும்பப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு தரும் உஜ்வலா திட்டத்தின் பயனாளிகளின் வங்கிக் கணக்கில் மானியம் நேரடியாகச் சேர்வதுபோல, தேவைப்படுவோருக்கான உதவியைப் பட்ஜெட்டிலேயே வெளிப்படையாகக் காட்டிக் கொடுப்பதே நேரான வழி.