வேலிக்கால் நீடித்து நிற்க

லயத்தின் பின்புறம் கீரையும் கத்தரியும் பயிரிடுவோரும் மாடு வளர்ப்போரும் வேலியின் அருமையை நன்கறிவர். இரவில் ஒரு கால் சாய்ந்தால் போதும். காலையில் மாடு ரப்பர் இளங்கன்றுகள் நட்ட நிரைகளில் மேய்ந்துகொண்டிருக்கும். நட்டத்தை யார் ஏற்பது என்ற வழக்கு அலுவலகம் வரை செல்லும்.

சாய்ந்த காலைப் பிடுங்கிப் பாருங்கள். மேற்பகுதி கெட்டியாகவே இருக்கும். ஆழத்தில் இருந்த நுனியும் பெரும்பாலும் அவ்வளவாகக் கெட்டிராது. மண்மட்டத்தை ஒட்டிய பகுதியே உளுத்திருக்கும். மரத்தை உளுக்கச் செய்வது பூஞ்சணம். அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைந்தால் அது வளராது. மேற்பகுதி வெயிலில் உலர்கிறது. ஆழத்தில் காற்றுக் குறைவு. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்குமிடம் மண்மட்டமே.

மறுநடவுக்காக வீழ்த்திய ரப்பர் மரம் எளிதில் கிடைக்கிறதென்று பலர் அதனையே நடுகின்றனர். இது சிக்கனமன்று. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. வண்டும் பூஞ்சணமும் விரைவில் பற்றும். மேசை நாற்காலிக்கென போரான் மருந்தூட்டிய ரப்பர்ப் பலகையும் இதற்கு உதவாது. அம்மருந்து மழைநீரில் கரைந்து வெளியேறிவிடும். பாலாவ் போன்ற வன்மரத்தின் வைரப் பகுதியோ, மண்ணில் நடுவதற்கென்றே அழுத்தமுறையில் மருந்தேற்றிய காலோ சிறந்தது.

அடியைத் தீயில் கருக்கி நடும் பழக்கமும் நம்மிடையே உண்டு. கரிந்த மேற்புறம் வெடித்து, அவ்வெடிப்பின் வழியே ஈரம் உட்புகும். ஆதலின் அதனை நம்புவதற்கில்லை. பழைய இயந்திர எண்ணெய் பூசுவதோ மண்ணையும் நீரையும் கெடுக்கும்.

ஆறடிக் காலுக்கு இரண்டடி ஆழம் வேண்டும். அரையடி உயரத்திற்கு மண்ணிட்டு, கடப்பாரையின் மழுங்கிய முனையால் நன்கு இடித்த பின்னரே அடுத்த மண்ணை இடுக. மண்ணை ஒரேயடியாகத் தள்ளி மேலே மட்டும் மிதித்துவிட்டால், அக்கால் முதல் பெருமழையிலேயே ஆடும். இறுதியில் காலைச் சுற்றி மண்ணைக் கூம்பாக உயர்த்துக. நீர் தேங்காமல் வழியும். காலின் தலை சாய்வாக இருத்தல் நலம். கம்பியின் இழுப்பைத் தாங்கும் மூலைக்கால்களைப் பருமனாகத் தேர்ந்து, இன்னும் ஆழமாக நட்டு, முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை, மழைக்காலம் ஓய்ந்ததும், காலடி மண்ணை அரையடி விலக்கிக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால், மேலே எவ்வளவு கெட்டியாயிருப்பினும் அக்காலை மாற்றிவிட வேண்டும். உளுத்த அடிக்கட்டை கிடக்கும் குழியிலேயே புதுக்காலை இறக்காதீர்கள். அது கறையானுக்கு வைக்கும் விருந்து. கட்டையைத் தோண்டியெடுக்க இயலாவிடில், ஓரடி தள்ளிப் புதுக்குழி வெட்டலாம்.

கழற்றிய கால் மருந்தேற்றியதாயின் அதனை ஒருபோதும் அடுப்பில் வைக்கலாகாது. அவ்வகை மரங்கள் பலவற்றில் செம்பு, குரோமியம் ஆகியவற்றோடு ஆர்செனிக் என்னும் நஞ்சும் உண்டு. எரித்தால் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு. அச்சாம்பலைக் கீரைப் பாத்தியில் தூவுவதும், அதனால் பாத்திரம் துலக்குவதும் கூடவே கூடாது.